புதிய சாளரம் எங்கே திறக்க வேண்டும்?

மேசை மீது நாலைந்து தாள்கள் பரவிக் கிடக்கின்றன. இன்னொரு தாளை அங்கே வைக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? எழுதிக்கொண்டிருக்கும் தாளின் மேல் அதைப் போடுவதில்லை. பார்த்துப் படியெடுக்க வேண்டிய தாள் என்றால் பக்கத்தில் வைக்கிறோம்; பிறகு பார்க்க வேண்டியது என்றால் ஓரமாகத் தள்ளிவைக்கிறோம். எந்தத் தாள் எதற்குத் தேவை என்பது நமக்குத் தெரியும். ஆகவே இதைப் பற்றி நாம் சிந்திப்பதுகூட இல்லை.

கணிப்பொறித் திரையில் இந்த வேலையை நமக்காக ஒரு நிரல் செய்கிறது. அதற்குச் சாளர மேலாளர் என்று பெயர். புதிதாக ஒரு சாளரம் திறக்கும்போது அதைத் திரையின் எந்த மூலையில் வைப்பது, எதை மறைப்பது, எதை விட்டுவைப்பது என்று அது தீர்மானிக்கிறது. அது தாள்களின் நீள அகலத்தை அறியும். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாது. இந்த அறியாமையோடு அது எடுக்கும் முடிவுகள் எத்தகையவை? அவற்றுள் எவை பாராட்டத்தக்கவை, எவை திருத்தப்பட வேண்டியவை? இக்கட்டுரையில் அவற்றைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

இது அற்ப விஷயம் என்று சிலர் எண்ணலாம். மறைத்துக்கொண்டு வந்த சாளரத்தை மவுஸால் இழுத்து நகர்த்த இரண்டு மூன்று நொடிகளே ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நொடிகளில் கைக்கு மட்டும் வேலை ஏற்படுவதில்லை. மனத்தில் பிடித்துவைத்திருந்த ஓர் எண், பாதியில் நின்ற ஒரு வாக்கியம், தொடர்ந்து வந்த ஓர் எண்ண ஓட்டம் ஆகியவை அறுபடுகின்றன. சிறிய திரையில் பாடம் கற்கும் மாணவனுக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது.

சற்றே வரலாறு

திரையில் பல சாளரங்களைக் காட்டும் முறை 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவாயிற்று. அங்கே 1973ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியில், ஒன்றன் மேல் ஒன்று படியும் சாளரங்களை ஆலன் கே குழுவினர் உருவாக்கிக் காட்டினர். ஆனால் அதே நிறுவனம் 1981ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்னும் பொறியில், முதன்மைச் சாளரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாமல், தரையில் டைல்ஸ் பதித்தது போல் அடுத்தடுத்து அமைந்தன. படியவிட்டால் பயனர்கள் சாளரங்களைச் சரிசெய்வதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று அதன் ஆக்கியோர் கருதினர்.

1984ஆம் ஆண்டின் மெக்கின்டாஷ், படியும் சாளரங்களைத் தேர்ந்தெடுத்தது. 1985ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் விண்டோசின் முதற்பதிப்பு டைல் முறையைக் கொண்டிருந்தது. 1987ஆம் ஆண்டு இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பு படியும் முறைக்கு மாறியது. இந்த ஊசலாட்டம் ஒன்றை உணர்த்துகிறது: இதற்கு எளிய விடை அன்றும் கிடைக்கவில்லை.

சாரா பிளை, ஜாரெட் ரோசன்பர்க் என்னும் இருவர் இவ்விரு முறைகளையும் சோதனை மூலம் ஒப்பிட்டு 1986ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். சாளரத்தின் வடிவத்துக்குள் செய்திகள் ஒழுங்காக அடங்கிவிடும் பணிகளில் டைல் முறை விரைவாக இருந்தது. அவ்வாறு அடங்காத பணிகளில் படியும் முறை மேலாக இருந்தது. அதுவும் சாளரங்களைக் கையாளுவதில் நல்ல தேர்ச்சி உடையவர்களுக்கே அந்த நன்மை கிட்டியது. எது சிறந்தது என்பது, செய்யும் பணியையும் செய்பவரையும் பொறுத்தது என்பதே இதன் சாரம். இந்தப் பாடத்தைப் பின்னால் வந்த பல நிரல்கள் மறந்துவிட்டன என்பது என் கருத்து.

யார் முடிவு செய்வது?

சாளரத்தின் இடத்தை மூவர் தீர்மானிக்கக்கூடும். ஒருவர், பயனராகிய நாம். இரண்டாமவர், சாளரத்தைத் திறக்கும் நிரல். மூன்றாமவர், சாளர மேலாளர்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு இதில் ஒரு தெளிவான கொள்கையை வகுத்தது. வழிவகைகளை மட்டும் அமைப்பு தரும். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற கொள்கையை அது விதிக்காது. ஆகவே சாளர மேலாளர் என்பது தனி நிரலாகப் பிரிந்தது. விருப்பப்பட்டவர் விருப்பப்பட்ட மேலாளரை அமர்த்திக்கொள்ளலாம். அத்துடன், ஓர் இடம் கோரப்படும்போது அதைக் கோரியவர் பயனரா, நிரலா என்று பிரித்துச் சொல்லவும் அதன் விதிகளில் வழி உண்டு. பயனர் கேட்ட இடத்தை மேலாளர் மதிக்க வேண்டும். நிரல் தானாகக் கேட்டதை மேலாளர் மாற்றலாம். இது மிக நேர்த்தியான ஏற்பாடு. அமைப்பை வகுத்தவர்கள் இதில் மனிதனுக்கு முதலிடம் தந்திருக்கிறார்கள்.

எக்ஸ் அமைப்பின் தொடக்க கால மேலாளர்களுள் ஒன்று, 1987ஆம் ஆண்டில் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். என்பது. அது முடிவை முழுவதும் நம்மிடமே விட்டுவிடும். புதிய சாளரத்தின் வெற்றுக் கோட்டுருவம் மவுசோடு ஒட்டிக்கொண்டு நகரும். நாம் விரும்பிய இடத்தில் பொத்தானை அழுத்தினால் சாளரம் அங்கே அமரும். இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்பதால், இது சலிப்பூட்டும் முறையும் ஆகும்.

மூன்று உரைகற்கள்

மேலாளரே முடிவு செய்யும் முறைகளை மதிப்பிட நமக்கு உரைகற்கள் வேண்டும். நான் மூன்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, புதிய சாளரம் கண்ணில் பட வேண்டும். திறந்தது தெரியாமல் ஒளிந்திருந்தால் திறந்து பயனில்லை.

இரண்டாவது, நாம் பயன்படுத்திக்கொண்டிருப்பதை அது மறைக்கக் கூடாது.

மூன்றாவது, அது எங்கே வரும் என்பதை நாம் முன்கூட்டியே ஊகிக்க முடிய வேண்டும். வீட்டில் விளக்கின் சுவிட்சை இருளில் கை தானாகத் தேடிப் போடுவது, அது என்றும் அதே இடத்தில் இருப்பதால்தான்.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, பல முறைகளையும் இக்கற்களில் உரைத்துப் பார்ப்போம்.

ஊசல் சோதனையும் ஒரு வரைபடமும்

ஒரு மாணவி தனி ஊசல் சோதனையைச் செய்து முடித்து, அளவீடுகளைக் கணிப்பொறியில் பதிந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினிகளில் பரவலாகக் காணப்படும் 1366 x 768 படப்புள்ளிகள் கொண்ட திரை அவளுடையது. கீழே உள்ள பணிப்பட்டைக்கு 40 புள்ளிகள் போக, 1366 x 728 எஞ்சுகிறது.

திரையின் இடது மேல் மூலையில் அட்டவணைச் சாளரம், 600 x 500 அளவில் இருக்கிறது. அதன் இடப்பக்கப் பத்திகளில் ஊசலின் நீளமும் அலைவு நேரத்தின் இருமடியும் இருக்கின்றன. மற்றக் கட்டங்கள் வெறுமை. வலது மேல் மூலையில் கணக்கிடும் கருவி, 300 x 350 அளவில் இருக்கிறது. இப்போது அவள் வரைபடத்தைக் கேட்கிறாள். 640 x 480 அளவில் புதிய சாளரம் திறக்க வேண்டும். வரைபடத்தின் சாய்வைப் படித்து, அதைக் கணக்கிடும் கருவியில் இட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பது அவள் நோக்கம்.

இந்த மூன்று சாளரங்களும் ஒன்றையொன்று மறைக்காமல் இத்திரையில் இருக்க, இப்போதுள்ள இடங்களில் வழியில்லை. எதையாவது சிறிது மறைத்தே ஆக வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

படிக்கட்டு முறை

முன்சொன்ன டி.டபிள்யூ.எம்.மில், நம்மைக் கேட்காமலேயே இடம் கொடுக்கும் மாற்று ஏற்பாடும் ஒன்று உண்டு. அதன் பெயர் தற்செயல் இடம் என்னும் பொருளுடையது. பெயருக்கும் செயலுக்கும் தொடர்பில்லை! முதற்சாளரம் மேலிருந்து 50, இடமிருந்து 50 என்ற இடத்தில் வரும். அடுத்தது இரு திசையிலும் 30 புள்ளிகள் தள்ளி வரும். அதற்கடுத்தது இன்னும் 30. திரையின் விளிம்பை எட்டினால் மீண்டும் 50. இது தற்செயல் அன்று, அப்பட்டமான படிக்கட்டு. விண்டோசிலும், இடம் எதையும் குறிப்பிடாமல் நிரல் சாளரம் கேட்டால், அமைப்பு இவ்வாறே படிப்படியாகத் தள்ளி வைப்பது வழக்கம்.

நம் எடுத்துக்காட்டில் வரைபடம் (50, 50) என்ற இடத்தில் திறந்தால், அட்டவணையில் 550 x 450, அதாவது 2,47,500 புள்ளிகளை மறைக்கும். அட்டவணையின் மொத்தப் பரப்பு 3,00,000. நூற்றுக்கு 82.5 பங்கு போயிற்று. அளவீடுகள் முற்றிலும் மறைந்தன.

ஆனாலும் இம்முறையை முற்றாக ஒதுக்க முடியாது. ஒவ்வொரு சாளரத்தின் தலைப்புப் பட்டையும் கண்ணுக்குத் தெரிகிறது. கீழே போனதைச் சொடுக்கி மேலே கொணர முடிகிறது. அடுத்தது எங்கே வரும் என்பதும் தெரியும். முதற்கல்லிலும் மூன்றாம் கல்லிலும் இது தேறுகிறது. இரண்டாம் கல்லில் தோற்கிறது. திரையில் வேறு என்ன இருக்கிறது என்று பாராமலேயே இடம் கொடுப்பதுதான் காரணம்.

முதற்பொருத்த முறை

க்னோம் சூழலின் மெட்டாசிட்டி என்னும் மேலாளர் கையாளும் முறை இது; அதன் வழிவந்த மட்டர் என்பதும் முன்பு இதையே கையாண்டது. வெற்றிடத்தில் புதிய சாளரம் முழுதாகப் பொருந்துமா என்று அது சில இடங்களில் மட்டும் பார்க்கும். முதலில் திரையின் மூலை. பிறகு இருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் கீழே. பிறகு ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில். முதலில் பொருந்தும் இடம் எதுவோ அங்கே வைத்துவிடும்.

இடம் இருக்கும்போது இதைப் போல் நல்ல முறை வேறில்லை. எதையும் மறைப்பதில்லை, புதியது பழையதன் விளிம்போடு ஒட்டி நேராக நிற்கும், திரை ஒழுங்காகத் தோன்றும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் எங்கும் பொருந்தவில்லை. அட்டவணைக்குக் கீழே 228 புள்ளிகளே உள்ளன, தேவை 480. அட்டவணைக்கு வலப்புறம் வைத்தால் கணக்கிடும் கருவி மேல் இடிக்கும். எல்லா முயற்சியும் தோற்றபின் இந்த முறை என்ன செய்கிறது தெரியுமா? படிக்கட்டுக்கே திரும்பிவிடுகிறது. ஒரு புள்ளிகூட மறைக்காத இடத்தைத் தேடிய நிரல், அது கிடைக்கவில்லை என்றதும் அட்டவணையின் பெரும்பகுதியை மறைக்கத் துணிகிறது. குறைந்த தீங்கு எது என்று அது கேட்பதே இல்லை. திரை சிறிதாக ஆக, இம்முறையின் சிறப்பும் குறைந்துகொண்டே போகிறது.

மிகக் குறைந்த மறைப்பு முறை

அந்தக் கேள்வியைக் கேட்கும் முறையும் உண்டு. எஃப்.வி.டபிள்யூ.எம். என்னும் பழைய மேலாளரிலும், கே.டி.இ. சூழலின் கேவின் மேலாளரிலும் இது ஒரு தேர்வாக இருக்கிறது. மறைக்கப்படும் மொத்தப் பரப்பு எங்கே மிகக் குறைவோ, அங்கே வைப்பது இதன் விதி.

இயற்பியல் மாணவர்களுக்கு இது பழக்கமான சிந்தனை. குழிகளும் மேடுகளும் உள்ள பரப்பில் விட்ட கோலிக்குண்டு, நிலை ஆற்றல் குறைந்த இடத்தை நாடிச் செல்கிறது. இங்கே மறைப்புப் பரப்பே ஆற்றல். புதிய சாளரமே குண்டு.

வரைபடத்தைத் திரையின் அடிவிளிம்போடு ஒட்டி வைப்போம். அதன் மேல்விளிம்பு 248இல் இருக்கும். அட்டவணையில் 248 முதல் 500 வரை 252 புள்ளி உயரமும், கணக்கிடும் கருவியில் 248 முதல் 350 வரை 102 புள்ளி உயரமும் மறைப்புக்கு ஆளாகும். இரண்டின் மேலும் சிறிது படிந்திருக்கும் நிலையில், வரைபடத்தை ஒரு புள்ளி வலப்புறம் நகர்த்தினால் அட்டவணையில் 252 புள்ளிகள் வெளிப்படும். கருவியில் 102 புள்ளிகள் மறையும். நிகர லாபம் 150. ஆகவே நகர்த்திக்கொண்டே போகலாம். அட்டவணையின் வலது விளிம்பான 600ஐ எட்டியதும் லாபம் நின்றுவிடும். அதற்கப்பால் ஒவ்வோர் அடியும் 102 நட்டம். எனவே குண்டு 600இல் நிற்கும். தாழ்ந்த இடம் எப்போதும் ஏதாவதொரு விளிம்பில் அமைவது இதனால்தான். திரை முழுவதும் தேடாமல் விளிம்புகளை மட்டும் நிரல் சோதிப்பதும் இதனாலேயே. பத்துச் சாளரங்கள் இருந்தாலும், சோதிக்க வேண்டிய இடங்கள் சில நூறுதான். இன்றைய கணிப்பொறிக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

(600, 248) என்ற இடத்தில் அட்டவணை முழுவதும் தெரிகிறது. கணக்கிடும் கருவியில் மட்டும் 174 x 102, அதாவது 17,748 புள்ளிகள் மறைகின்றன. அழகான விடை! ஆனால் மறைந்தது எது என்று பாருங்கள். கருவியின் கீழ்ப்பகுதி, இடப்பக்கம். அங்கேதான் 0, 1, 2 ஆகிய விசைகள் இருக்கின்றன. சாய்வைப் படித்துவிட்டு எண்ணை அழுத்தப் போனால் விசையைக் காணோம். கருவியின் தெரியும் பகுதியைச் சொடுக்கினால் அது மேலே வரும் என்பது உண்மை. அப்போது வரைபடத்தின் வலது மேல் மூலை மறையும். மறுபடி வரைபடம், மறுபடி கருவி என்று மாற்றி மாற்றிச் சொடுக்க வேண்டியதுதான்.

மாறாக, வரைபடத்தை 174 புள்ளிகள் இடப்புறம் தள்ளி (426, 248)இல் வைத்திருந்தால் என்ன ஆகும்? அட்டவணையில் 43,848 புள்ளிகள் மறையும். முந்தியதைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் அவை வெறும் கட்டங்கள். யாருக்கும் நட்டமில்லை.

பரப்பைக் குறைத்த முறை தீங்கைக் கூட்டிவிட்டது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே விலை என்று கொண்டதன் விளைவு இது.

நடுவில் வைக்கும் முறையும் டைல் முறையும்

திரையின் நடுவில் வைப்பது மிக எளிய விதி. பல மேலாளர்களில் இது ஒரு தேர்வாக உள்ளது. நம் எடுத்துக்காட்டில் வரைபடம் (363, 124)இல் வரும், அட்டவணையில் 89,112 புள்ளிகளை மறைக்கும், கருவியைத் தொடாது. மறைந்தவை வலப்பக்கப் பத்திகள் என்பதால் இந்த முறை தீங்கில்லை. ஆனால் இது முறையின் சாமர்த்தியம் அன்று, நம் அட்டவணையின் அதிர்ஷ்டம். நாம் வேலை செய்யும் சாளரம் பெரும்பாலும் திரையின் நடுவில்தான் இருக்கும். நடுவில் வரும் எதுவும் அதையே மறைக்கும். ஊகிக்கத்தக்கது என்ற ஒரு நன்மைக்காக, இரண்டாம் உரைகல்லை இந்த விதி பலியிடுகிறது. மேலும், அடுத்தடுத்து நான்கு சாளரங்கள் ஒரே அளவில் வந்தால், ஒன்று மற்றதை முழுதாக மூடிவிடும்.

டைல் முறை இன்றும் வாழ்கிறது. 2007ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்மோனாட், 2009ஆம் ஆண்டில் வந்த ஐ-3 ஆகிய மேலாளர்களுக்குப் பற்றுள்ள பயனர்கள் பலர் உண்டு. எக்ஸ்மோனாடின் இயல்பான அமைப்பில், தனியாக இருந்த அட்டவணை திரை முழுவதையும் நிரப்பியிருக்கும். வரைபடம் வந்ததும் திரை 683, 683 என்று இரண்டாகப் பிரியும். புதியது இடப்பாதியைப் பிடித்துக்கொள்ள, அட்டவணை வலப்பாதிக்குத் தள்ளப்படும். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. அது பெரிய நன்மை. ஆனால் மாணவியின் கண் பதிந்திருந்த அளவீடுகள் திரையின் இடக்கோடியிலிருந்து நடுவுக்குத் தாவிவிட்டன. விருந்தாளி வந்ததற்காக வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது போன்றது இது. இதில் மறைப்பு இல்லை, இடப்பெயர்ச்சி உண்டு. பழகியவர்க்கு இது இடையூறாவதில்லை, புதியவர்க்குத் திகைப்பு. பிளையும் ரோசன்பர்க்கும் சுட்டிய வேறுபாடு வேறொரு வடிவில் இங்கே தலைகாட்டுகிறது.

மேலாளருக்குத் தெரிந்தும் பயன்படாதவை

சாளரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று மேலாளருக்குத் தெரியாது. ஆகவே பரப்பைத் தவிர வேறு எதை அளக்க முடியும் என்று அதன் ஆக்கியோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களே சில இடங்களில் பரப்புக்கு வேறு வேறு விலை போட்டிருக்கிறார்கள். எப்போதும் மேலேயே நிற்கும்படி பயனர் வைத்த சாளரத்தை மறைத்தால், கேவின் அந்தப் பரப்பை 16 மடங்காகக் கணக்கிடுகிறது. எப்போதும் கீழேயே இருக்கும்படி வைத்ததை மறைத்தால், பூச்சியம். எஃப்.வி.டபிள்யூ.எம். சாதாரணச் சாளரத்துக்கு 1, திரையில் கிடக்கும் சின்னத்துக்கு 10 என்று தண்டம் விதிக்கிறது. வழி திறந்திருக்கிறது, அதில் இன்னும் சில அடிகள் நடக்கவில்லை என்பதே என் குறை.

எக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு சாளரமும் தன் மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் மேலாளருக்கு அறிவிக்கலாம். இவ்விரண்டும் ஒன்றே என்று ஒரு சாளரம் அறிவித்தால், அதன் அளவை மாற்ற முடியாது என்று பொருள். கணக்கிடும் கருவிகள் பல இத்தகையவை. அவற்றில் ஒவ்வோர் அங்குலமும் தேவை. மறைக்க இடமே இல்லை. அளவு மாறக்கூடிய சாளரமோ, ஒரு பகுதி போனாலும் பொறுத்துக்கொள்ளும். இந்தக் குறிப்பைக் கொண்டு, மாறாத சாளரத்தின் பரப்புக்கு மூன்று மடங்கு விலை வைத்தால் போதும். நம் எடுத்துக்காட்டில் வலப்புறம் நகரும் ஒவ்வோர் அடிக்கும் லாபம் 252, நட்டம் 306 ஆகிவிடும். குண்டு எதிர்த்திசையில் உருண்டு 426இல் போய் நிற்கும். விசைகள் தப்பின! விலை 2.47 மடங்கைத் தாண்டினாலே முடிவு மாறிவிடுகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மேலும், புதிய சாளரத்தைத் திறந்தது எந்தச் சாளரம் என்பதும் பல வேளைகளில் மேலாளருக்குத் தெரியும். பிள்ளைச் சாளரம் தாயின் ஓரத்தை மறைப்பது, அயலாரை மறைப்பதைவிட மேல். எந்தச் சாளரத்தைப் பயனர் கடைசியாகத் தொட்டார் என்பதும் தெரியும். தொட்டு அரைமணியான சாளரத்துக்கும், அரைநொடிக்கு முன் தட்டச்சு செய்த சாளரத்துக்கும் ஒரே விலை வைப்பது எப்படிப் பொருந்தும்?

இந்த நேரக் கணக்கு, புதுமையான யோசனையும் அன்று. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திடீரென ஒரு சாளரம் குதித்து வந்து, நாம் அழுத்தும் விசைகளைத் தான் வாங்கிக்கொள்வது உண்டு. "அழிக்கட்டுமா?" என்று அது கேட்டிருக்கும், நாம் வேறெதற்கோ தட்டிய விசையை அது சம்மதமாக எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, பயனர் கடைசியாக விசையைத் தொட்ட நேரத்தைக் குறித்துவைத்து, அதற்கு முன்பே கிளம்பிய சாளரத்துக்கு விசைப்பலகையைக் கொடுக்காமல் இருக்கும் ஏற்பாடு எக்ஸ் மேலாளர்களில் உள்ளது. மெட்டாசிட்டி ஒருபடி மேலே போய், அவ்வாறு மறுக்கப்பட்ட சாளரத்தை, நாம் வேலை செய்யும் சாளரத்தை விட்டு விலக்கி வைக்கவும் முயல்கிறது. இது பாராட்டுக்குரியது. குதித்து வருபவரிடம் காட்டும் இந்தக் கவனத்தை, அழைத்து வருபவரிடமும் காட்டலாமே!

நினைவின் கடமை

மூன்றாம் உரைகல்லுக்கு எல்லாவற்றினும் சிறந்த விடை, நினைவு. பழைய மெக்கின்டாஷில் ஒரு கோப்புறையைத் திறந்தால், கடைசியாக எங்கே விட்டோமோ அங்கேயே அதே அளவில் திறக்கும். பயனர் ஒருமுறை முடிவு செய்துவிட்டார். அதை மதிப்பதே முறை.

2008ஆம் ஆண்டில் தொடங்கி, எக்ஸ் அமைப்புக்கு மாற்றாக வளர்ந்துவரும் வேலண்ட் இதில் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை விதிகளின்படி, தன் முதன்மைச் சாளரத்தைத் திரையில் இன்ன இடத்தில் வை என்று ஒரு நிரல் கேட்க முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவும் முடியாது. இதற்குக் காரணம் உண்டு. மற்றொரு சாளரத்தின் மேல் கச்சிதமாகப் போய் அமர்ந்து நம்மை ஏமாற்றும் நிரலுக்கு இது நல்ல தடை. ஆனால் நிரலின் வாயை அடைத்த பிறகு, பழைய இடத்தை நினைவில் வைக்கும் பொறுப்பு முழுவதும் மேலாளரைச் சேர்கிறது. அதிகாரத்தை எடுத்துக்கொள்பவர் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாச் சாளரங்களையும் திரை முழுவதும் விரித்துவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பாரும் உளர். ஒரே வேலையை மட்டும் செய்வோருக்கு அது சரி. ஆனால் அட்டவணையைப் பார்த்து வரைபடத்தைச் சரிபார்க்கும் மாணவி, ஒன்றைப் பார்க்கும்போது மற்றதை மனத்தில் சுமக்க வேண்டிவரும். அந்தச் சுமையை இறக்கத்தானே சாளரங்கள் தோன்றின?

முடிவாக

என் தீர்ப்பை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். பயனர் இட்ட இடம் முதலில். அது இல்லையேல், கடைசியாக இருந்த இடம். அதுவும் இல்லையேல், எதையும் மறைக்காத முதற்பொருத்தம். அது கிடைக்காதபோது, தகுந்த விலைகளோடு கணக்கிட்ட மிகக் குறைந்த மறைப்பு. படிக்கட்டு கடைசிப் புகலிடம். இவை எவற்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. வேண்டிய செய்திகள் பெரும்பாலும் மேலாளரின் கையிலேயே இருக்கின்றன. இவற்றுள் பல நிரல்கள் எல்லாரும் படித்துத் திருத்தும்படி வெளியிடப்பட்டவை. கணிப்பொறி பயிலும் மாணவர் யாரும் இடம் காணும் பகுதியை எடுத்துப் படிக்கலாம், மாற்றியும் பார்க்கலாம்.

அதற்குமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்திகள் இடுங்கள். ஒரு நாள் முழுவதும், திறந்த ஒவ்வொரு சாளரத்துக்கும் முதற்பத்தியில் ஒரு கோடு. திறந்தவுடன் நீங்கள் நகர்த்த நேர்ந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் பத்தியில் ஒரு கோடு. மாலையில் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் கணிப்பொறியின் அமைப்புகளில், சாளரம் திறக்கும் முறையை மாற்ற வழியிருந்தால் மாற்றி, மறுநாளும் எண்ணுங்கள். எந்த முறையில் பின்னம் சிறிதாகிறதோ, உங்கள் வேலைக்கு அதுவே ஏற்ற முறை.